எந்தக் கண்ணின் வெள்ளை

கட்டுப் பிரித்த மறுநாள் காலையில் கண் விழித்த கலீல் ரஹ்மான், தான் வேறு யார் வீட்டிலோ படுத்திருப்பதாக நினைத்துக்கொண்டார். சுவர் அப்படி இருந்தது. தலைக்கு மேல் சுழன்ற மின்விசிறி அப்படி இருந்தது. ஜன்னலில் தெரிந்த வானமோ, யாரோ இரவோடு இரவாகப் பழையதைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டிவிட்டுப் போனதுபோல நீலமாக இருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. அறுபத்தாறு வயதுக்காரர் விடிந்ததும் வானத்தைப் பற்றிக் கேட்டால் வீட்டில் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். எழுந்து உட்கார்ந்து, மனைவியைக் கூப்பிட்டார்.

“சாயிரா, எப்ப வெள்ளையடிச்சீங்க?”

சாயிரா பானு டீ டம்ளரோடு வந்து நின்றாள். “எதுக்கு?”

“இந்தச் செவுத்துக்கு.”

“போன ரம்ஜானுக்கு முந்தின ரம்ஜான்ல. நீங்கதான் ஆள் பேசி விட்டீங்க.”

“அது இல்ல. இப்ப, நான் ஆஸ்பத்திரியில இருந்தப்ப.”

“நீங்க இருந்தது ஒரு பகல். அதுக்குள்ள பீரோவெல்லாம் நகத்தி, சுண்ணாம்படிச்சு, காயவெச்சு, திரும்ப எடத்துல வெச்சுட்டேனாக்கும். டீயக் குடிங்க.”

அவர் டம்ளரை வாங்காமல் அவளுடைய சேலையையே பார்த்தார். “இது புதுசா? ஊதாக் கலர்ல?”

“இதையா? இது நம்ம பையன் சமியுல்லா நிக்காஹுக்கு எடுத்தது. ‘ஏன் இந்த மண்ணச் சுத்திக்கிட்டு அலையிற’ன்னு கேட்டுக்கிட்டே இருப்பீங்களே, அதே சேலைதான்.”

கலீல் ரஹ்மான் வலது கண்ணுக்கு முன்னால், தொட்டுவிடாமல், கையைக் குறுக்கே பிடித்தார். உடனே பழைய வீடு திரும்பி வந்தது. சுவர் பழுத்திருந்தது, சேலை மண் நிறமாயிற்று, சாயிராவின் முகம்கூட அவருக்குப் பழகிய மாநிறத்துக்குத் திரும்பியது. கையை இடது பக்கம் மாற்றினார். சட்டென்று எல்லாம் விலகி, வெளிறி, ஓரங்கள் கூர்மையாகி நின்றன. சாயிராவின் கன்னத்தில் அவர் பார்த்தறியாத சுருக்கங்கள் இருந்தன. அதைச் சொல்லாமல் டீயை வாங்கிக் குடித்தார்.

இப்படித்தான் தொடங்கியது. ஒரே ஆளுக்குள் இரண்டு வீடு, இரண்டு மனைவி. எதில் குடியிருப்பது என்று தெரியவில்லை.

கண்ணில் புரை விழுந்திருப்பதாக மூன்று வருஷத்துக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். வண்டி விளக்கைப் பார்த்தால் அதைச் சுற்றிப் பூப்பூவாய் வெளிச்சம் விரியும். வருஷத்துக்கு ஒரு கண்ணாடி மாற்றினார். சர்க்கரை வேறு இருந்தது. ஆபரேஷன் என்றதும், “நல்லா முத்தட்டும், முத்தினாத்தான் எடுக்க லேசா வரும்” என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அப்படிக் காத்திருக்க வேண்டிய காலமெல்லாம் போய்விட்டது, முற்ற முற்ற எடுப்பதுதான் கஷ்டம் என்று டாக்டர் ரஞ்சனி சொன்னதை அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் நம்பவில்லை. கடைசியில் ஒருநாள் சொந்த மருமகளையே “யாரும்மா வேணும்?” என்று வாசலில் நிறுத்திக் கேட்டுவிட்ட பிறகுதான் முதலில் வலது கண்ணுக்குச் சம்மதித்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், “நிறமெல்லாம் கொஞ்ச நாளைக்கு வேற மாதிரி தெரியும், பயப்படாதீங்க” என்று ஒரு வார்த்தை சொன்னார். கண்ணில் தண்ணீர் படக்கூடாது, கசக்கக்கூடாது, குனியக்கூடாது, தூசிக்குப் போகக்கூடாது, சொட்டு மருந்தை நிறுத்தக்கூடாது என்ற நீண்ட பேச்சின் நடுவே அது எங்கோ விழுந்து காணாமல் போனது. தொழுகைக்கு முன்னால் ஒளுச் செய்ய முகத்தில் தண்ணீர் படுமே, என்ன செய்வது என்ற யோசனையில் இருந்தார் அவர். பள்ளிவாசல் ஹஜ்ரத், குணமாகும்வரை தண்ணீருக்குப் பதில் மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்து நாற்காலியில் உட்கார்ந்து தொழலாம் என்று சொன்ன பிறகுதான் அந்தக் கவலை தீர்ந்தது. நிறத்தைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரம் இல்லை. ஏதோ மருந்தின் வேகம் என்று விட்டுவிட்டார்.

ஆனால் கலீல் ரஹ்மானின் பிழைப்பே நிறத்தில்தான் இருந்தது.

செவ்வாய்ப்பேட்டையில் அவருக்கு ஜவ்வரிசி மண்டி. ராசிபுரம், நாமகிரிப்பேட்டை, ஆத்தூர்ப் பக்கத்து மில்களில் மரவள்ளிக் கிழங்கு அரைத்துச் செய்கிற ஜவ்வரிசி அவர் கைவழியாகப் புனேவுக்கும் நாக்பூருக்கும் போகும். ஜவ்வரிசிக்கு மணி சீராக இருக்கவேண்டும், ஈரம் இருக்கக்கூடாது, எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளையாக இருக்கவேண்டும். வெள்ளையைப் பார்க்க மெஷின் எல்லாம் வந்துவிட்டது. இருந்தாலும் கடைவீதியில் பாய் ஒரு கைப்பிடி அள்ளி, கறுப்புத் துணியில் பரப்பி, வடக்கு ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்து, “ம்” என்றால் அதற்கு ஒரு மதிப்பு இருந்தது. “மஞ்சளடிக்குது” என்றால் அந்த லோடு வந்த வழியே திரும்பும். மற்ற மண்டிக்காரர்கள் அவர் வாயைப் பார்த்துவிட்டுத்தான் தங்கள் வாயைத் திறப்பார்கள்.

வீட்டில் இருக்கச் சொன்ன நாட்களைப் பாதியிலேயே முறித்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் மண்டிக்கு வந்தார். மகன் சமியுல்லா முகத்தைச் சுளித்தான்.

“தூசி ஆகாதுன்னாங்களே அத்தா.”

“உள்ள ஆபீஸ்லதான உக்காரப் போறேன். என்ன வந்திருக்கு?”

“குழந்தைவேல் அண்ணன் மில்லு சாம்பிள். புனே பார்ட்டிக்கு. நானே பாத்துட்டேன், நல்லாத்தான் இருக்கு.”

நாமகிரிப்பேட்டைக் குழந்தைவேல் முப்பது வருஷத்துப் பழக்கம். பெருநாள் பிரியாணி முதலில் அங்கே போகும். பொங்கலுக்குக் கரும்பு முதலில் இங்கே வரும். பேச்சுக்குக்கூட ஒரு சீட்டு எழுதிக்கொள்ளாமல் லோடு லோடாக வாங்கி விற்றவர்கள். ஆகவே கலீல் ரஹ்மான் சாம்பிளைப் பழக்கத்தின் காரணமாகத்தான் துணியில் கொட்டினார், சந்தேகத்தால் அல்ல. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

கொட்டியது ஜவ்வரிசி மாதிரியே இல்லை. சின்னச் சின்ன விளக்குகளைக் கொட்டி வைத்ததுபோல இருந்தது. வெள்ளைக்கும் அப்பால் போய், நீலத்தைத் தொட்டுக்கொண்டு நின்ற ஒரு வெள்ளை. கிழங்கிலிருந்து இப்படியொரு வெள்ளை வராது. நாற்பது வருஷம் பார்த்த ஒருவருக்கு இது தெரியாமல் போகாது. வெளுக்கிற மருந்து போட்டால் வரும். அப்படிச் செய்கிறவர்கள் இருப்பதாகக் கடைவீதியில் அரசல்புரசலாகப் பேச்சு உண்டு. அவர்களோடு கலீல் ரஹ்மான் வியாபாரம் வைத்துக்கொண்டதில்லை.

வலது கண்ணை மறைத்தார். ஜவ்வரிசி நல்லபிள்ளையாக, எப்போதும்போல, இளம் பழுப்பில் இருந்தது. “ம்” சொல்லலாம். கையை மாற்றினார். மருந்து.

“சமி, அந்தப் பாட்டில எல்லாம் எடு.”

ஒவ்வொரு லோடிலும் ஒரு பிடி எடுத்துச் சின்னக் கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி வைப்பது அந்த மண்டியின் வழக்கம். பின்னால் தகராறு வந்தால் காட்டுவதற்கு. சமியுல்லா அலமாரியிலிருந்து குழந்தைவேல் மில்லின் புட்டிகளைப் பழையதிலிருந்து புதியது வரைக்கும் மேசையில் வரிசையாக வைத்தான். இடது கண்ணுக்கு எல்லாப் புட்டியும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள், பழையது மட்டும் கொஞ்சம் மஞ்சள். வலது கண்ணுக்கோ, ஓரத்துப் பழைய புட்டியில் தந்தத்தின் நிறம், அடுத்ததில் கொஞ்சம் வெளிறல், அடுத்ததில் இன்னும் கொஞ்சம். கடைசிப் புட்டியில் அந்த விளக்குகள். யாரோ படிப்படியாக, சத்தமில்லாமல், அவர் கண்ணெதிரிலேயே படியேறிப் போயிருக்கிறார்கள்.

“பழசு மஞ்சளாகத்தான் செய்யும் அத்தா” என்றான் சமியுல்லா.

“இந்தளவுக்கா?”

“எனக்கு என்னமோ பெரிய வித்தியாசம் தெரியல. லேசா இருக்கு.”

லேசா இருக்கிறதா, பெரிதாக இருக்கிறதா, இல்லவே இல்லையா? மகன் கண்ணுக்கு ஒன்று, தன் ஒரு கண்ணுக்கு ஒன்று, இன்னொரு கண்ணுக்கு ஒன்று. கலீல் ரஹ்மானுக்குத் தலை சுற்றியது. சுற்றல் நிற்பதற்குள் போனை எடுத்துவிட்டார். அதுதான் அவர் செய்த பிழை.

“கொழந்தை, லோடை ஏத்தாத.”

“ஏனுங்க பாய், கண்ணு எப்படி இருக்குதுங்க? நானே வரலாம்னு...”

“கண்ணு நல்லாத்தான் இருக்கு. இப்பத்தான் நல்லா இருக்கு. எத்தன வருஷமாக் கிழங்குப் பாலுல மருந்து கலக்குற?”

மறுமுனையில் மில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு லாரி பின்னால் நகர்ந்து நின்றது. பிறகு குழந்தைவேல் பேசினார், குரலை ஏற்றாமல்.

“இத போன்ல கேட்டுப்போட்டீங்க. பக்கத்துல எம் மருமவன் நிக்கறான்.” பிறகு, “நேர்ல வாங்க. வாரதுன்னா வாங்க, இல்லாட்டி விடுங்க” என்று வைத்துவிட்டார்.

‘இல்லை’ என்று சொல்லவில்லை. ‘ஆமாம்’ என்றும் சொல்லவில்லை. அன்று முழுக்கக் கலீல் ரஹ்மான் இந்த இரண்டுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். குழந்தைவேல் திருடன் என்றால் முப்பது வருஷம் பொய். இல்லை என்றால், இன்று தன் வாயிலிருந்து போன வார்த்தையை எந்த முகத்தோடு திரும்பப் பெறுவது?

அடுத்த நாள் கண்ணைக் காட்டப் போகவேண்டியிருந்தது. டாக்டர் ரஞ்சனி விளக்கை அடித்துப் பார்த்து, நன்றாக ஆறிவருகிறது என்றார். இடது கண்ணுக்கும் நாள் குறிக்கலாமா என்று கேட்டார்.

“அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்கம்மா. ரெண்டுல எது பொய் சொல்லுது?”

டாக்டர் சிரித்தார். கலீல் ரஹ்மான் சிரிக்காமல் இருப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

“நம்ம கண்ணுக்குள்ள ஒரு லென்ஸ் இருக்குங்களே, அது சின்ன வயசுல தண்ணி மாதிரி இருக்கும். வயசாக ஆக டீத்தண்ணி மாதிரி ஆகும். அதான் புரை. டீ டம்ளர் வழியாப் பாத்தா எல்லாம் எப்படித் தெரியும்? மஞ்சளா, பழுப்பாத் தெரியும். நீலம் உள்ளயே வராது.”

“எனக்கு அப்படி எதுவும் தெரியலயே. எனக்கு எல்லாம் சரியாத்தான தெரிஞ்சுது.”

“ஒரே நாள்ல ஆகியிருந்தாத் தெரிஞ்சிருக்கும். கொஞ்சங்கொஞ்சமா ஆச்சுல்ல, மூளை அதையே சரின்னு எடுத்துக்கும். இப்ப ஒரு கண்ணுல மட்டும் புது லென்ஸ் வெச்சதால ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கறீங்க.”

“எத்தன வருஷமா அப்படி?”

“அதைச் சரியாச் சொல்ல முடியாதுங்க. அஞ்சாறு வருஷமா மெல்ல மெல்ல ஏறியிருக்கலாம்.”

“அப்ப வலது கண்ணு சொல்றதுதான் நெசம்.”

“வலதுதான் தெளிவு. ஆனா அதுவும் பழகற வரைக்கும் கொஞ்சம் நீலத்தைத் தூக்கித்தான் காட்டும். சிலருக்கு வாரக்கணக்கு, சிலருக்கு மாசக்கணக்கு ஆகும்.”

கலீல் ரஹ்மான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்ப இன்னைக்கு, இந்த நேரத்துக்கு, என் ரெண்டு கண்ணும் சாட்சிக்கு ஆகாது.”

“சுவரைப் பார்க்க, ரோட்டைப் பார்க்க, ஆளைப் பார்க்க ஆகும்” என்றார் டாக்டர். “இடது கண்ணுக்குத் தேதி?”

அவர் தேதி தரவில்லை. அந்தக் கண்ணையும் கழுவிவிட்டால் குழந்தைவேலுக்காகப் பேச ஒரு கண்கூட மிஞ்சாது என்று அவருக்குத் தோன்றியது. இதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நாமகிரிப்பேட்டைக்கு வண்டியை விடச் சொன்னார். சமியுல்லா ஓட்டினான். ராசிபுரம் தாண்டியதும் இடப்பக்கம் மலை எழுந்தது. வாழ்நாளில் பாதியை இந்தச் சாலையில் கழித்தவர் அவர். அந்த மலை நீலம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அல்லது முன்பே தெரிந்து, மறந்து, மறந்ததும் தெரியாமல் போயிருந்தது. டாக்டர் சொன்ன வருஷங்களை மனதில் பின்னோக்கி எண்ணிக்கொண்டே வந்தவருக்கு ஒன்று உறைத்தது. அந்த வருஷங்களில்தான் அவர் வாயில் ‘மஞ்சளடிக்குது’ என்ற சொல் அதிகமாக வந்தது. மில்காரர்களுக்கு முன்மாதிரி அக்கறை இல்லை, கிழங்கு முன்மாதிரி இல்லை, தண்ணீர் முன்மாதிரி இல்லை என்று கடைவீதி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்ததும் அப்போதுதான்.

குழந்தைவேல் களத்து ஓரத்தில் நின்றிருந்தார். வெயிலில் ஜவ்வரிசி காய்ந்துகொண்டிருந்தது. வந்தவரைப் பார்த்து, “வாங்க” என்றார். அதற்கு மேல் முகத்தில் எதுவும் இல்லை. தூசி பட்டுவிடும் என்று ஆபீஸ் அறைக்குள் கூட்டிப்போய், மின்விசிறியைக்கூட வேறு பக்கம் திருப்பி வைத்தார். அந்த மரியாதைதான் கலீல் ரஹ்மானை அதிகமாகக் குழப்பியது.

“கொழந்தை, நான் போன்ல கேட்டது...”

“போட்டேனுங்க.”

“என்ன?”

“மருந்து. போட்டேன். நீங்க கேட்டது நெசந்தானுங்க.”

இதற்குத்தான் வந்தார். இதைக் கேட்டதும் கோபம் வரும் என்று நினைத்திருந்தார். வரவில்லை.

“மொதல்ல போடலீங்க” என்றார் குழந்தைவேல். “நீங்க மொதல் தடவ மஞ்சள்னு திருப்பி உட்டப்ப, சேரி, தண்ணிதான் சேரியில்லைன்னு வேற போர்லருந்து தண்ணி கொண்டாந்தேன். மறுக்காவும் மஞ்சள்னீங்க. தொட்டியில பால ஒருக்காக் கழுவறத மூணு தடவ கழுவினேன். தோலு துளி ஒட்டாம உரிக்க ஆள் போட்டேன். அப்பவும் மஞ்சள்னீங்க. எனக்கு வெள்ளையாத்தான் தெரியுது. ஊட்ல கேட்டா அவளும் வெள்ளைங்கறா. ஆனாப் பாய் கண்ணு தப்பாகுமா? எங்கண்ணுதான் போயிருச்சுன்னு நாமக்கல் போயி டெஸ்ட் எடுத்தேன்.”

“எடுத்து?”

“எனக்குக் கண்ணாடி குடுத்து உட்டாங்க.” குழந்தைவேல் சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மேசையில் வைத்தார். “இதையும் போட்டுப் பாத்தேன். வெள்ளையாத்தான் தெரிஞ்சுது.”

ஓரத்தில் நின்ற சமியுல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தைவேலுக்கும் உதடு ஒருபக்கம் போய்வந்தது. கலீல் ரஹ்மான் மட்டும் சிரிக்கவில்லை.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, உங்க கண்ணு சரியில்லை, போயிக் காட்டுங்கன்னு.”

“எப்படிங்க சொல்றது? கடைவீதியே உங்க கண்ண வெச்சுத்தான நடக்குது. பத்து மண்டிக்காரங்க உங்க மூஞ்சியத்தான பாக்கறாங்க. அதுல போயி நான் ஒருத்தன், ஏனுங்க பாய், உங்களுக்குத்தான் தெரியலைன்னா, சரக்கு நல்லாயில்லாதவன் பேசற பேச்சுன்னு சொல்லிப்போடுவீங்க.” அவர் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார், போட்டுக்கொள்ளவில்லை. “ஒருநா ஒருத்தன் மருந்து கொண்டாந்து குடுத்தான். கொஞ்சூண்டு போட்டேன். அந்த லோடுக்கு நீங்க ‘ம்’னீங்க. அடுத்த வருசம் அதே அளவு போட்டேன், மஞ்சள்னீங்க. கூட்டினேன். அப்புறம் கூட்டிக்கிட்டே இருந்தேன். அதுக்காவ நான் பண்ணினது சேரின்னு சொல்லலீங்க. திங்கற பொருளு. எங்கூட்டுக்கு எடுக்கற மூட்டைய மருந்து போடறதுக்கு முந்தியே தனியா எடுத்து வெச்சுக்குவேன். அதுலயே தெரியலீங்களா, நான் பண்றது தப்புன்னு எனக்கே தெரியும்னு.”

கலீல் ரஹ்மான் வெளியே களத்தைப் பார்த்தார். கேட்கவேண்டிய ஆள் யார், பதில் சொல்லவேண்டிய ஆள் யார் என்பது இடம் மாறி மாறி நின்றது. மருந்து போட்டவன் குழந்தைவேல். போட வைத்தது ஒரு கண். அந்தக் கண் தன்னுடையது, ஆனால் அதற்குள் டீத்தண்ணி நிறைந்தது தனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் முழு உண்மையா? மூன்று வருஷமாகத் தெரியும், முத்தட்டும் என்று வைத்துக்கொண்டிருந்தவர் அவர்தானே. புனேயில் யாரோ ஒருத்தி விரத நாளில் கிச்சடிக்கு ஊறவைத்த ஜவ்வரிசியில் தன் புரை கலந்திருக்கிறது என்று நினைத்தபோது அவருக்கு உடம்பு கூசியது.

“உங்க ஊட்டு மூட்டையைக் காட்டு” என்றார்.

குழந்தைவேல் உள்ளே போய் ஒரு முறத்தில் கொண்டுவந்தார். மருந்து காணாத ஜவ்வரிசி. கறுப்புத் துணி இல்லை என்பதால் சமியுல்லாவின் லேப்டாப் பையை மேசையில் வைத்து அதன்மேல் ஒரு பிடியைப் பரப்பினார்கள். கலீல் ரஹ்மான் குனிந்தார். குனியக்கூடாது என்பது ஞாபகம் வந்து நிமிர்ந்தார். சமியுல்லா பையை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான்.

இடது கண் அந்தக் கணமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. மஞ்சளடிக்குது. அந்த வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. வலது கண்ணுக்கு அது வெள்ளையாக இருந்தது. இருந்ததா? இதுவும் கொஞ்சம் நீலத்தோடு இருந்தது. இதற்கே நீலம் சேர்த்துக் காட்டுகிறது என்றால் உண்மையில் இது எவ்வளவு வெள்ளை, இதைப் பார்த்துப் பழகாத புனே பார்ட்டி என்ன சொல்வான்? அவனைத் தூக்கலான வெள்ளைக்குப் பழக்கியதும் தானேதான். இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தார். ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எந்தப் பெயருக்கும் நிற்காத ஒரு நிறம் தெரிந்தது.

“ஏத்தாதன்னு சொன்ன லோடு இருக்கே” என்றார் மெதுவாக. “அது திங்கறதுக்குப் போகவேண்டாம். அரைச்சுக் குமாரபாளையத்துல தறி நூலுக்குக் கஞ்சி போடக் குடுத்துரு. வர்ற நட்டத்துல பாதி என்னுது.”

“பாதி எதுக்குங்க? போட்டது நானு.”

“போட வெச்சது நான். இதுல பேரம் வேண்டாம்.”

குழந்தைவேல் கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, “நாளைக்குப் பாலுக்கு?” என்றார்.

“வெறும் தண்ணிதான். வேற ஒண்ணும் ஆகாது.”

“புனேக்காரன் மஞ்சள்னு திருப்பி உட்டா?”

“திருப்பி விடுவான்.”

“அப்ப என்னங்க பண்றது?”

“தெரியல கொழந்தை.”

“மத்த மில்லுக்காரங்களும் உங்களுக்காவத்தான் போடறாங்க. அவங்கள்ட்ட?”

அதை அவர் யோசித்திருக்கவில்லை. எத்தனை மில்லின் வாசலில் போய் நின்று, என் கண் பழுத்திருந்தது என்று சொல்லவேண்டும்? சொன்னால் அதற்குப் பிறகு கடைவீதியில் அவர் முகத்தை யார் பார்ப்பார்கள்? இடது கண்ணுக்கும் தேதி வாங்கியாகவேண்டும் என்று மட்டும் தெரிந்தது. வாங்கிய பிறகும், பழகுகிறவரைக்கும் மாசக்கணக்கில் யாருடைய கண்ணையாவது கடன் வாங்கித்தான் சரக்குப் பார்க்கவேண்டும்.

“போயிச் சொல்லணும்” என்றார். “நீயும் கூட வர்றியா?”

“நானா? மருந்து போட்டவனும் போடச் சொன்னவரும் சோடி போட்டுக்கிட்டுப் போனா, ஊரு என்னன்னு நெனைக்கும்?”

“என்னன்னு நினைக்கும்?”

“அதானுங்க எனக்கும் புரியல” என்றார் குழந்தைவேல். ஆனால் கதவு மூலையில் கழற்றிப்போட்டிருந்த செருப்பைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார்.